"ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்ற வாக்கியம்

2021 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், மதுரை சிம்மக்கல்லுக்கு அருகில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பத்தாம் வகுப்பு உரைநூல் ஒன்றின் மெய்ப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண்ணைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தலைக்குள் சுரீரென்று ஒரு மின்சாரம் ஓடி மறைந்தது. அதை வலி என்று சொல்ல முடியாது. பழைய டியூப்லைட் எரியத் தொடங்குமுன் இரண்டு மூன்று முறை துடிக்குமே, அந்தத் துடிப்பு விளக்கில் நிகழாமல் மண்டைக்குள் நிகழ்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு பக்கத்துக்கு முப்பத்தைந்து வரி, முப்பத்தைந்து முறை. மூன்றாம் பக்கத்தில் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய இமைக்குள் விழி அசைந்தபோதும் அது வந்தது.

அதற்கு நான்கு நாள்களுக்கு முன்புதான் எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரையை முழுவதுமாக நிறுத்தியிருந்தேன். அது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் மருந்து. நம் ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. மருந்துக் கடைக்காரத் தம்பி என்னிடம் முதன்முதலில் அதைக் கொடுத்தபோது, "ஒண்ணுமில்லண்ணே, நரம்பு மாத்திரைதான்" என்று சொன்னார். என் அம்மாவுக்கு அது தூக்க மாத்திரை. என் மனைவி அதற்குப் பெயரே வைக்காமல் "அந்த மாத்திரை" என்று மட்டும் சொல்வார். 2017 இல் என் அப்பா பக்கவாதத்தில் படுத்து இருபது நாளில் இறந்தபின், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்து உட்காரும் வழக்கம் எனக்கு வந்தது. இசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த மருத்துவர் சீட்டில் மருந்தின் பெயரை எழுதி, பக்கத்தில் 0 – 0 – 1 என்று போட்டார். காலையில் இல்லை, மதியம் இல்லை, இரவில் ஒன்று. எத்தனை நாள் என்று அதில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மாத்திரை எனக்கு உதவியது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, குமட்டல்தான் இருந்தது. நான்காவது வாரத்தில் ஓர் இரவு விடியும்வரை தூங்கினேன். அதன்பின் மெல்ல மெல்ல வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பினேன். மாத்திரையால் கெட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான்கு ஆண்டுகள் அதை விழுங்கினேன் என்பதும், அந்த நான்கு ஆண்டுகளில் இதை எப்போது, எப்படி நிறுத்துவது என்ற பேச்சே யாரிடமிருந்தும் எழவில்லை என்பதும், பேச்சு எழுந்தபோது அது ஒரே ஒரு வாக்கியமாக இருந்தது என்பதும்தான் என் புகார். மருத்துவர் சொன்னார்: "தூக்கம்லாம் நல்லா இருக்குல்ல சார்? அப்ப ரெண்டு வாரம் பாதி போடுங்க, அப்புறம் விட்டுருங்க. கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தா ஒரு வாரத்துல சரியாயிரும்."

ஒரு வாரத்தில் சரியாகவில்லை. பத்தாம் நாள் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே இறங்கும்போது தரை படகுபோல் ஆடியது. கனவுகள் மிகத் துல்லியமாக வந்தன. இறந்த அப்பா வந்து மெய்ப்பில் பிழை இருக்கிறது என்று சண்டை போட்டார். தேநீர்க் கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்துவிட்டார் என்பதற்காக நான் அழுதேன். ஐம்பதை நெருங்கும் ஓர் ஆள், இரண்டு ரூபாய்க்காக, நடுத்தெருவில். அம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏய்யா, இது காத்துக் கருப்பா இருக்கும், பாண்டி கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்துருவோம்" என்றார். மேலமடைப் பாண்டி முனீஸ்வரரிடம் போய்விட்டு, மருத்துவரிடமும் போனேன். அவர் அரை நிமிடம் கேட்டுவிட்டு, பழைய நோய் திரும்பிவிட்டது என்றும், இது சர்க்கரை மாத்திரையைப் போல் இனி வாழ்நாள் முழுவதும் விடக் கூடாதது என்றும் சொன்னார்.

சனிக்கிழமை இரவு மீண்டும் மாத்திரையை விழுங்கினேன். திங்கட்கிழமை காலையில் மெய்ப்புக்கு உட்கார்ந்தபோது தலைக்குள் மின்சாரம் இல்லை, தரை ஆடவில்லை. எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள், எனக்குத்தான் உறுத்தியது. முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுதியதில் பொருத்தமில்லாததைத் தேடும் தொழில் செய்பவனுக்கு அந்தக் கணக்கு இடித்தது. 2017 இல் என் நோய் இந்த மாத்திரைக்குக் கட்டுப்பட மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்ததாகச் சொல்லப்பட்ட அதே நோய் இப்போது இரண்டே நாளில் எப்படி அடங்கும்? அப்பா இறந்தபோது எனக்குத் தலைக்குள் மின்சாரம் ஓடவில்லையே? இரவில் படபடத்த நெஞ்சு இந்த முறை ஒரு தடவைகூடப் படபடக்கவில்லையே? அப்படியானால் இது நோய் அல்ல, மருந்தை விட்டதனால் வந்தது. குடியை நிறுத்தியவனுக்குக் கை நடுங்கும் என்பதும், அவன் மறுபடி ஒரு கிளாஸ் போட்டவுடன் நடுக்கம் நிற்கும் என்பதும் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் மட்டும் கண்டுபிடித்த விஷயம் இல்லை இது. இங்கிலாந்தில் நோயாளிகள் இதற்காக இருபது ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள் என்பதை அந்த மாதம் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்கள் போராடியதும் பெரும்பாலும் வாக்கியங்களோடுதான்.

முதல் வாக்கியம் ஒரு மருந்துப் பெட்டிக்குள் இருந்தது. பராக்சிடின் என்ற மருந்தை கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனம் பிரிட்டனில் செரோக்சாட் என்ற பெயரில் விற்றது. அந்த மருந்துக்கு யாரும் அடிமையாக முடியாது என்று அதன் உள்தாள் உறுதி கூறியது. ஆனால் அதை விட முயன்றவர்கள், தலைசுற்றலும் வாந்தியும் தலைக்குள் மின்னதிர்ச்சியும் வந்து, மறுபடி அதற்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். 2002 அக்டோபரில் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சி இதைப் பற்றி ஒளிபரப்பியதும் தொலைபேசி அழைப்புகளும் மின்னஞ்சல்களும் குவிந்தன. சார்லஸ் மெடாவர், ஆண்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமர் முதலிய மருந்துக் கண்காணிப்பாளர்கள் அந்த மின்னஞ்சல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, பக்கவிளைவுகளைப் பற்றி மருத்துவர்கள் அரசுக்கு அனுப்பியிருந்த மஞ்சள் அட்டை அறிக்கைகளோடு ஒப்பிட்டார்கள். அவர்கள் கண்டது என் தொழில்காரன் மனத்தைத் தொட்டது. நோயாளிகள் தங்கள் சொந்தச் சொற்களில் "தலைக்குள் ஷாக் அடிக்கிறது" என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். மருத்துவரின் அறிக்கையிலோ, அதைக் கணினியில் ஏற்றும் குறியீட்டிலோ அது வேறு ஏதோ பொதுப் பெயராக மாறி, இன்னது என்று அடையாளம் தெரியாமல் கரைந்துபோயிருந்தது. 1964 இல், கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கிய தாலிடோமைடு என்ற மருந்தின் கொடுமைக்குப் பின் தொடங்கப்பட்ட மஞ்சள் அட்டையை நிரப்ப அதுவரை நோயாளிக்கு நேரடி உரிமை இருந்ததில்லை. 2005 முதல் அது கிடைத்தது. அடிமையாக முடியாது என்ற வாக்கியத்தையும் நிறுவனம் 2003 இல் கைவிட்டது.

இதில் சொற்களின் விளையாட்டும் ஒன்று இருக்கிறது. மதுவையும் அபினையும் விடும்போது வருவதைக் குறிக்கும் "வித்டிராயல்" என்ற ஆங்கிலச் சொல்லை இந்த மாத்திரைகளுக்குப் பயன்படுத்தாமல், "மருந்து நிறுத்த அறிகுறிகள்" என்பதுபோல் சாதுவாகத் தொனிக்கும் வேறொரு சொல்லை 1990களின் பிற்பகுதியில் மருத்துவ இதழ்களில் பரப்பினார்கள். அதற்காக 1996 இல் நிபுணர்கள் கூடிய கூட்டத்துக்குச் செலவு செய்தது, புரோசாக் தயாரிக்கும் எலை லில்லி நிறுவனம். புரோசாக் என்னும் ஃபுளூவாக்சிடின் உடலை விட்டு வெளியேறப் பல நாள்கள், சில வேளை வாரங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதனால் அதை நிறுத்தினால் உடனே அவ்வளவாகத் தெரியாது. போட்டி மருந்தான பராக்சிடின் ஒரு நாளிலேயே பாதிக்குமேல் கரைந்துவிடும். தன் சரக்குக்குக் கெட்ட பெயர் வராமலும் அடுத்தவன் சரக்கின் குறை வெளியே தெரியவும் ஒரு சொல் உதவுமானால், வியாபாரி அதை விடுவாரா?

தமிழில் இதற்கு நிலைத்த சொல்லே இன்னும் இல்லை. "விலகல் அறிகுறி" என்று சிலர் எழுதுகிறார்கள். எது எதிலிருந்து விலகுகிறது என்று யாருக்கும் விளங்காது. "பின்வாங்கல்" என்றால் படை பின்வாங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. நான் "விடுபடும் அவதி" என்று எழுதிவருகிறேன். அகராதிக்காரர்கள் ஒப்பினால் மகிழ்ச்சி.

இரண்டாவது வாக்கியம்தான் என் மருத்துவர் என்னிடம் சொன்ன அதே வாக்கியம். அது வாய்வழிப் பேச்சாக உலவியதன்று. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பின் மனச்சோர்வு வழிகாட்டியில் அச்சாகியிருந்தது. இந்த மருந்துகளை நிறுத்தும்போது வரும் தொல்லைகள் பொதுவாக லேசானவை, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாமாகவே அடங்கிவிடும் என்றும், திடீரென்று நிறுத்தினால் கடுமையாகலாம் என்றும் அதில் இருந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் அதன் முதல் பாதியை மனப்பாடம் செய்துகொண்டார்கள். விளைவு என்னவென்றால், எட்டாம் நாளும் ஒருவர் அவதிப்பட்டால் அது மருந்தின் வேலையாக இருக்க முடியாது, நோய்தான் திரும்பியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டப்பட்டது. எவ்வளவு பேருக்கு வாழ்நாள் சீட்டு எழுதப்பட்டது இந்த ஒற்றை வாக்கியத்தால்! அந்த "ஒரு வாரம்" எந்த ஆய்விலிருந்து வந்தது என்று நோயாளிகளும் அவர்கள் பக்கம் நின்ற சில உளவியலாளர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

2017 இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் வேல்ஸ் சட்டமன்றத்துக்கும் மனுக்கள் போயின. அவற்றுக்கு ஆதரவாகத் தங்கள் கதையை எழுதியனுப்பிய 158 பேரின் எழுத்துகள் பின்னர் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தன. அவர்கள் சொன்னதெல்லாம் நான் பட்டதுதான்: போய்ச் சொன்னோம், நம்பவில்லை, நோய் திரும்பிவிட்டது என்றார்கள், அல்லது புதிதாக வேறொரு நோயின் பெயரைச் சூட்டினார்கள். 2018 பிப்ரவரியில், பிரிட்டனின் மனநல மருத்துவர்களுக்கான அமைப்பாகிய அரச மனநல மருத்துவர் கல்லூரியின் பொறுப்பில் இருந்த இருவர் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், மிகப் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லைகள் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும் என்றார்கள். மருத்துவர்களும் நோயாளிகளுமாக முப்பது பேர் கல்லூரியிடம் முறைப்படிப் புகார் கொடுத்தார்கள். கல்லூரியே எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் முன்பு எடுத்த கருத்துக்கணிப்பில் ஆறு வாரம் வரை நீடித்தது என்றும், கால் பங்கினருக்குப் பதற்றம் பன்னிரண்டு வாரத்தையும் தாண்டியது என்றும் வந்திருந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புகார் தள்ளுபடி ஆயிற்று. அந்தக் கருத்துக்கணிப்பும் கல்லூரியின் இணையதளத்திலிருந்து காணாமல் போயிற்று.

ஆனால் கல் அசைந்துவிட்டது. அதே ஆண்டு ஜேம்ஸ் டேவிஸ், ஜான் ரீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, மருந்தை விடுபவர்களில் 56 விழுக்காட்டினருக்கு அவதி வருகிறது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கடுமை என்கிறார்கள் என்று எழுதினார்கள். 2019 மே மாதம் அரச கல்லூரி தன் நிலையை மாற்றிக்கொண்டது. அக்டோபரில் நைஸ் அமைப்பு அந்த வாக்கியத்தைத் திருத்தியது: சிலருக்கு லேசாகவும், சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட காலத்துக்கும் இருக்கலாம் என்று. ஒரு நூலின் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் சேர்ப்பதற்கே பதிப்பாளரோடு எத்தனை முறை மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சாதாரண வெற்றியில்லை.

அந்த 56 விழுக்காட்டை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. இணையத்தில் நடந்த கருத்துக்கணிப்புகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. பாதிக்கப்பட்டவர்தான் தேடிவந்து பதில் எழுதுவார். 2024 இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளையும் 21,000 பேரையும் வைத்துப் பார்த்து, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட்டவர்களுக்கும் வரும் தொல்லைகளைக் கழித்துவிட்டால் ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான் மருந்தினால் அவதி, முப்பத்தைந்து பேரில் ஒருவருக்குக் கடுமை என்றார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில மாதங்களே மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை, பல ஆண்டுகள் எடுத்தவர்களின் கதை வேறு என்று நோயாளிகள் பதில் சொல்கிறார்கள். எனக்கு அவர்கள் சொல்வதே சரியென்று படுகிறது. நான் நான்கு ஆண்டுகள் எடுத்தவன். முப்பத்தைந்தில் ஒருவர் என்றே வைத்துக்கொண்டாலும், இங்கிலாந்தில் மட்டும் 2017–18 இல் 73 லட்சம் பேருக்கு இந்த மருந்துகள் எழுதப்பட்டன. வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படி நிறுத்துவது என்பதற்கும் விடை வந்தது. மார்க் ஹொரோவிட்ஸ் என்ற மருத்துவர், தானே இந்த மாத்திரையை விடமுடியாமல் அவதிப்பட்டவர், மருந்தியல் பேராசிரியர் டேவிட் டெய்லரோடு சேர்ந்து 2019 இல் இதை விளக்கினார். மருந்தின் அளவும் மூளையில் அதன் பிடியும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. எஸ்சிடலோபிராமின் உடன்பிறப்பான சிடலோபிராமில் 20 மில்லிகிராம் எடுக்கும்போது ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பிடி இருக்கிறது. அதை முக்கால் பங்கு குறைத்து 5 மில்லிகிராம் ஆக்கினாலும் பிடி ஏறத்தாழ 60 விழுக்காட்டில் நிற்கிறது. அந்தக் கடைசி ஐந்திலிருந்து சுழியத்துக்குப் போகும்போதுதான் மிச்ச 60ம் ஒரேயடியாகச் சரிகிறது. ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது யானைமலையைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். யானையின் முதுகு முழுவதும் சமமாக, நடந்தே போகலாம்போல் நீண்டு கிடக்கும். மத்தகத்துக்கு வந்துவிட்டால் நேராகப் பள்ளம். என்னை முதுகில் நடக்கவைத்து, மத்தகத்திலிருந்து குதி என்று சொல்லிவிட்டார்கள்.

இறங்குவதற்குச் சிறு சிறு படிகள் வேண்டும். நெதர்லாந்தில் நோயாளிகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து, ஒவ்வொரு நாளுக்கும் சற்றே குறைந்த அளவில் 28 நாள் மாத்திரைகளைச் சுருளாகக் கோத்துத் தரும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். இங்கே எனக்குக் கிடைத்த மிகச் சிறிய மாத்திரை 5 மில்லிகிராம். நல்வாய்ப்பாக எனக்கு இரண்டாவதாக ஒரு மனநல மருத்துவர் கிடைத்தார். நான் அச்சிட்டு எடுத்துப்போன தாள்களைக் கோபப்படாமல் வாங்கிப் படித்தார். "அவசரமே இல்ல சார், பதினாலு மாசம் ஆனாலும் ஆகட்டும்" என்றார். இரண்டாண்டு இடைவெளிக்குப் பிறகு அழகர் மக்கள் வெள்ளத்துக்கு நடுவே ஆற்றில் இறங்கிய 2022 சித்திரையில் குறைக்கத் தொடங்கினேன்.

முதல் எட்டு மாதம் கைப்பழக்கத்திலேயே ஓடியது: பிளேடு, பழைய நாளிதழ், மாத்திரையின் நடுக்கோடு. கால் பாகத்துக்குக் கீழே போனதும் பிளேடு உதவவில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனிடம் போனேன். அவன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் அந்த மாத்திரையைச் சாமணத்தால் எடுத்து வைத்துவிட்டு, "என்ன மாப்ள, ஒரு குன்றிமணி எடைகூட வரலையே, இதையா இன்னும் அறுக்கப் போற?" என்றான். பெட்டியில் 5 மில்லிகிராம் என்று போட்டிருந்த மாத்திரை தராசில் தொண்ணூறுக்கும் மேல் காட்டியது. மருந்து ஐந்து, மற்றதெல்லாம் மாவும் மேல்பூச்சும். அந்தத் தொண்ணூறைக் கணக்கு வைத்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்டவணைப்படி, ஞாயிறுதோறும் ஏழு நாள்களுக்குரிய துணுக்குகளை அவன் நிறுத்து, மூக்குத்தி மடித்துக் கொடுக்கும் ரோஸ் காகிதத்தில் ஏழு பொட்டலமாக மடித்துத் தந்தான். கூலி கேட்டதில்லை. "சேதாரம் உன் கணக்கு" என்பான். 2023 ஆனி மாதத்தில் கடைசிப் பொட்டலம். இடையில் இரண்டு முறை தலைக்குள் அந்தத் துடிப்பு வந்தது. இரண்டு முறையும் முந்தைய அளவிலேயே மூன்று வாரம் நின்றுவிட்டுப் பிறகு இறங்கினோம்.

இதைப் படிக்கும் யாரும் நாளைக் காலையில் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து என்பதே இங்கிலாந்துக்காரர்கள் இருபது ஆண்டாகக் கத்தியதன் சாரம். எல்லா மன மாத்திரையும் விஷம் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகள் எனக்கு அறவே பிடிக்காது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பி ஓடமுடியாமல் தீயில் கருகினார்கள். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் அது. மருந்து எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து மனிதர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனம் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் தமிழிலேயே பேசலாம்.

அங்கே நடந்த போராட்டத்தை அப்படியே இங்கே நடத்த முடியாது என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. அங்கே நோயாளிகள் உள்தாளில் இருந்த வாக்கியத்தோடு சண்டை போட்டார்கள். இங்கே அந்தத் தாளே கைக்கு வருவதில்லை. கடையில் போய் நின்று, கையில் காசு குறைவாக இருந்தால், "அஞ்சு மட்டும் குடுங்க தம்பி" என்கிறோம். அவர் கத்தரியை எடுத்து அட்டையைப் பாதியாக வெட்டுகிறார். மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி மறு துண்டிலும் போய்விடுகின்றன. மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை அட்டையின் பின்புறம் எறும்பு அளவில் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளும் நான் மடிப்பில் கிழிந்துபோன ஒரே பழைய சீட்டைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். இங்கே திருத்துவதற்கு வாக்கியம் இல்லை. முதலில் எழுதியாக வேண்டும்.

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 22 ஆம் பிரிவில், தரப்போகும் சிகிச்சை என்ன, அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள் என்ன என்பதை நோயாளி தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில். அந்தப் பிரிவைத் தமிழில் அரைப் பக்கமாக அடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் நீட்டிச் சண்டை போடுவதற்காக அல்ல. கேட்கலாம் என்ற தைரியம் வேண்டுமே, அதற்காக.

2024 தை மாதம் முதல் எங்கள் அச்சகத்து மாடியில் மாதம் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். அமைப்பு, பெயர், பலகை எதுவும் இல்லை. என் இரண்டாவது மருத்துவரும் அந்த மருந்துக் கடைத் தம்பியும் சொல்லி வந்தவர்களே பாதிப்பேர். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா, பிள்ளைப்பேற்றுக்குப் பின் தொடங்கிய மாத்திரையை ஒன்பது ஆண்டாக எடுக்கிறார். அவருக்கு நிறுத்தும் எண்ணமே இல்லை, ஆனால் தனக்கு ஏறிய பதினெட்டுக் கிலோ எடைக்கு இதில் பங்கு உண்டா என்று யாராவது சொன்னால் போதும் என்கிறார். இன்னொரு பையன், இருபத்தாறு வயது இருக்கும், மூன்று கூட்டத்துக்கும் வந்து வாயே திறக்காமல் போனான். நான்காம் முறை எல்லாரும் இறங்கிப்போன பின் படிக்கட்டில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னான்: மாத்திரையை விட்டு ஓராண்டு ஆகிறது, தாம்பத்திய உணர்ச்சி திரும்பவே இல்லை, வீட்டில் பெண் பார்க்கிறார்கள். மருந்து நின்ற பிறகும் இந்தக் குறை சிலருக்கு நீடிக்கலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2019 இல் ஏற்று, எச்சரிக்கையில் சேர்க்கச் சொன்னது என்று அவனுக்குக் காட்டினேன். அவனுக்கு அதனால் ஒரு மருந்தும் கிடைத்துவிடவில்லை. "அப்ப நான் கற்பனை பண்ணலையாண்ணே" என்று மட்டும் கேட்டான்.

கூடிப் பேசுவதோடு ஒரு வேலையும் செய்கிறோம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 இல் தொடங்கியது. அதன் தலைமையிடம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் இருக்கிறது. பக்கவிளைவை மருத்துவர்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை, நோயாளியே தெரிவிக்கலாம். அதற்கென்று தனிப் படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. நாங்கள் கூடும் நாளில் புதிதாக வந்தவருக்கு உட்கார்ந்து படிவம் நிரப்புகிறோம். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, என்ன ஆயிற்று. இதுவரை பதினொன்று அனுப்பியிருக்கிறோம். பதினொன்று எந்தப் புள்ளிவிவரத்திலும் ஒரு பொட்டாகக்கூடத் தெரியாது என்று கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஒருவர் சிரித்தார். சிரித்துவிட்டு அவரும் நிரப்பினார்.

போன மாதம் வந்தவர் திருமங்கலம் பக்கத்துக்காரர், தனியார் பேருந்து ஓட்டுநர். மாத்திரை தீர்ந்து, ஊருக்குப் போன இடத்தில் வாங்க மறந்து, மூன்றாம் நாள் வண்டி ஓட்டும்போது பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் வெட்டியிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டார். அதன்பின் அவர் அந்த மாத்திரையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வண்டி தரமாட்டார். பெயரின் முதலெழுத்தைப் போட்டால் போதும் என்று சொன்னபின்தான் படிவத்தை என் பக்கம் தள்ளி, "நீங்களே எழுதுங்கண்ணே, என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்றார். விளைவை விவரிக்கும் கட்டம் வந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வெல்டிங் வைக்கிறப்ப படக்குனு ஒரு வெளிச்சம் அடிக்கும்ல, அது மண்டைக்குள்ள அடிச்ச மாதிரி. இப்படி எழுதலாமாண்ணே? இல்ல, நீங்க நல்ல தமிழ்ல மாத்திக்கிருங்க."

மாற்றவில்லை. அவர் சொன்னதை ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல் கட்டத்தில் எழுதி, அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, உறையை ஒட்டினேன்.